கல்லாவையும் வீட்டுச் செலவையும் பிரித்து 4 வருஷம்

மார்த்தாண்டத்தில் ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் சிப்ஸ்) கடை வைத்திருக்கிறேன். 2021 ஓணத்துக்கு அடுப்பு அணையாமல் பொரித்தோம், நல்ல விற்பனை. அடுத்த வாரம் வாழைக்குலை தரும் குலைக்காரருக்குக் கொடுக்கக் கல்லாவைத் திறந்தால் சில்லறைதான் கிடந்தது. "வித்த ரூவாய எல்லாம் என்ன செய்தீங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். மகன் ஃபீஸ், மொய், சீட்டு எல்லாம் அதே கல்லாவிலிருந்துதான் போயிருந்தது.

அந்த வருஷமே கடை பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறந்து, க்யூஆர் அட்டையும், பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டியும் வைத்தேன். பெட்டிக்கு மாத வாடகை உண்டு. இடி மழையில் நெட்வொர்க் போனால் ஊமை. அப்படி ஒரு சாயங்காலம் ஒருவர் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி இரண்டு கிலோ கொண்டுபோனார். இப்போது பெட்டி பேசாமல் பொட்டலம் கைமாறாது. கரண்ட் அக்கவுண்டுக்கு வட்டி கிடையாது. இருப்பு குறைந்ததற்கு இரண்டு முறை அபராதமும் பிடித்தார்கள்.

உண்மையில் பலன் தந்தது எனக்கு நானே போட்டுக்கொண்ட சம்பளம். வாரம் 5,000, சனிக்கிழமை மட்டும். முதல் சில மாதம் புதன்கிழமையே 'அட்வான்ஸ்' எடுத்து என்னை நானே ஏமாற்றினேன். அதையும் சிவப்பு மையில் எழுதச் சொன்னது வீட்டுக்காரிதான்.

வீட்டுச் செலவு கலக்காததால் 2025-இல் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தேங்காயெண்ணெய் லிட்டர் 400-ஐத் தாண்டிய நேரம். ஒரு கிலோ உப்பேரிக்கு நாலு கிலோ காய், 180 ரூபாய். எண்ணெய் 170. கேஸ், கூலி, கவர் 60. ஆக 410. நான் விற்றுக்கொண்டிருந்ததோ 400-க்கு! மூன்று வாரம் கூட்டம் கூடக் கூட நஷ்டம். அன்றைக்கே 480 ஆக்கினேன். பழைய ஆட்கள் சிலர் முறைத்தார்கள், சரி, என்ன செய்ய?

நடுவில் 2023-இல் சீவுகிற மெஷினுக்காக சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனில் கிஷோர் பிரிவில் 2 லட்சம் வாங்கினேன். அந்தப் பிரிவு 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை. சொத்து ஜாமீன் கேட்பதில்லை. வங்கியில் புரட்டிப் புரட்டிப் பார்த்தது இந்தக் கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்டைத்தான். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யமும் கேட்டார்கள். அதற்கு ஒரு நெட் சென்டரில் 1,500 கொடுத்தேன். அரசு தளத்தில் அது முழுக்க இலவசம் என்று அப்புறம்தான் தெரிந்தது. நீங்களே ஆதாரை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் சரியாகாதது, கடன் சொல்லிப் போகிறவர்கள் கணக்கை எழுதும் பற்று நோட்டு. "அண்ணே, நாளைக்குத் தாரேன்" என்பவரிடம் எந்தப் பெட்டியும் பேசாது. இன்றைய தேதிக்கு 6,400 நிற்கிறது. அதில் 1,800 மச்சானுடையது. அதை நான் கேட்பதாக இல்லை.