ராம் கூட்டினார்கள், புராசஸரை மாற்றச் சொன்னார்கள். உள்ளே ஓடியது திருட்டு மைனிங்

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் கடைக்காரர் கையால் லினக்ஸ் போட்டு வாங்கியவர்கள் இதைத் தயவுசெய்து முழுதும் படியுங்கள். என் கம்ப்யூட்டருக்குள் யாரோ இணையம் வழியாக நுழைந்து, எனக்குத் தெரியாமலே டிஜிட்டல் நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள் (இதைத்தான் மைனிங் என்கிறார்கள்). உங்கள் கம்ப்யூட்டரிலும் இதே கதவு திறந்து கிடக்கலாம்.

தக்கலை அருகே சின்னதாக ஒரு டிடிபி சென்டர் நடத்துகிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ் எல்லாம் உபுண்டு என்ற லினக்ஸில் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் வைத்துத்தான் செய்கிறோம். நான்கு கோர் உள்ள ஐ3 புராசஸர், எட்டு ஜிபி ராம். இந்த வேலைக்கு அது தாராளம். அசெம்பிள் செய்து லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும், பிறகு சர்வீஸ் பார்த்ததும் ஒரே கடைதான்.

திடீரென்று மெஷின் இழுக்க ஆரம்பித்தது. எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே ஃபேன் உச்சத்தில் சுற்றும். ஒரு படத்தை நகர்த்தினால் அது நகர்ந்து முடிக்க நேரமாகும். கொடை சீசனில் நோட்டீஸுக்கு ஆள் வந்து நிற்கும்போது இது எவ்வளவு பெரிய பாடு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பையன், எந்த நிரல் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளையை ஓட்டிப் பார்த்தான். பட்டியலின் மேலே ‘கேஸ்வாப்டி0’ என்று ஒரு பெயர். “கேஸ்வாப்டி ஓடுதுன்னா ராம் பத்தலைன்னு அர்த்தம் சார்” என்றான். இன்னொரு எட்டு ஜிபி போட்டார்கள். ராமுக்கு 1,900 ரூபாய், சர்வீஸுக்கு 500. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் அதே இழுவை. திரும்பக் கொண்டுபோனபோது கடை உரிமையாளரே வந்து, “புராசஸர் வீக் ஆயிட்டு சார், போர்டோட மாத்தணும், பதினோராயிரத்து ஐநூறு ஆவும்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று மெஷினை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் அக்கா மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். வார விடுமுறைக்கு வந்தவன் அதே டாப் திரையைப் பார்த்தான். “மாமா, இது கெர்னலுக்க ஆளு இல்ல. வேற யாரோ வேஷம் போட்டு இருக்கான்” என்றான்.

கேஸ்வாப்டி0 என்பது உண்மையில் லினக்ஸின் மையமான கெர்னலின் ஒரு பகுதி. மெமரி நிறையும்போது அதில் கிடக்கும் பழைய தரவை எடுத்து இடம் காலி செய்வது அதன் வேலை. அது அதிகமாக ஓடினால் மெமரி போதவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் கடைக்காரப் பையன் பார்த்த அதே திரையில் மூன்று விஷயங்கள் அதற்கு மாறாக இருந்தன. முதலாவது, சிபியு அளவு 390 சதவீதத்தைத் தொட்டிருந்தது. டாப் ஒரு கோருக்கு 100 என்று கணக்குப் போடும். உண்மையான கேஸ்வாப்டி0 ஒற்றை இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரில் ஓடுவது, நூறைத் தாண்டவே முடியாது. இரண்டாவது, யூசர் பத்தியில் ‘ரூட்’ (முழு அதிகாரமுள்ள கணக்கு) என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சர்வீஸ்’ என்று இருந்தது. அப்படி ஒரு கணக்கு என் கம்ப்யூட்டரில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்றாவது, மேலே மெமரி வரியில் இடம் ஏராளமாகக் காலி, ராம் பத்தாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் ஸ்வாப் இடம் தொடப்படவே இல்லை. ராம் பத்தவில்லை என்றவர் அதே திரையில் ராம் வரியைப் படிக்கவில்லை.

ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு, அதன் விவரம் ப்ராக் கோப்புறையில் இருக்கும். அங்கே அந்த எண்ணுக்குரிய ‘எக்ஸி’ இணைப்பு, அதாவது நிரலின் கோப்பைக் காட்டும் இணைப்பு, எங்கே போகிறது என்று அக்கா மகன் பார்த்தான். உண்மையான கெர்னல் இழை என்றால் எந்தக் கோப்பையும் காட்டாது. இங்கே அது ‘சர்வீஸ்’ கணக்கின் வீட்டுக் கோப்புறையில், ‘.கான்ஃபிக்ஆர்சி’ என்ற மறைந்த கோப்புறைக்குப் போனது. நிரல்களைத் தானாக ஓட்டும் ‘கிரான்டேப்’ பட்டியலில், மெஷின் தொடங்கும்போதெல்லாம் அதைத் திரும்ப எழுப்பும் வரிகள். நிறுத்தினாலும் மீண்டும் முளைத்தது அதனால்தான். கூடவே எஸ்எஸ்எச் (வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி) அனுமதிப் பட்டியலில், பாஸ்வேர்டு இல்லாமலே நுழைய விடும் ஒரு சாவி, யாருடையது என்றே தெரியாதது.

பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2018-இல் ‘அவுட்லா’ என்று பெயரிட்ட கும்பலின் அடையாளம் இது. எளிய பாஸ்வேர்டு உள்ள எஸ்எஸ்எச் கதவுகளை இயந்திரம் வைத்துத் தட்டித் தட்டித் திறந்து, உள்ளே மொனெரோ என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டும் நிரலைப் போட்டுவிட்டுப் போவார்கள். மொனெரோ 2019 நவம்பரில் ரேண்டம்எக்ஸ் என்ற தோண்டும் முறைக்கு மாறியது. சாதாரண புராசஸரில் ஓடத் தோதாகச் செய்யப்பட்ட முறை அது. நம்மைப் போன்றவர்களின் மேசைக் கணினி மீது இவர்களுக்குக் கண் இருப்பது இதனால்தான். கரண்டு பில் நமக்கு, காசு அவர்களுக்கு.

சரி, கதவைத் திறந்தது யார்? கம்ப்யூட்டர் கொடுத்தபோது, “ஏதாவது பிரச்சினைன்னா கடையில இருந்தே பாத்துக்கிடலாம் சார்” என்று ரூட்டரில் என்னவோ செய்துவிட்டுப் போனார்கள். பார்த்தால் எஸ்எஸ்எச் நுழைவுக்கான 22-ஆம் போர்ட்டை இணையத்துக்கே திறந்துவிட்டிருக்கிறார்கள். ‘சர்வீஸ்’ கணக்குக்கு சூடோ அதிகாரமும் (ரூட் போல எதையும் மாற்றும் உரிமை) கொடுத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு, அதே பெயரோடு ஒன்று இரண்டு மூன்று. என் அக்கா மகன் ஊகித்த முதல் பாஸ்வேர்டே திறந்துகொண்டது. யார் நுழைய முயன்றார்கள் என்று குறித்துவைக்கும் லாக்கில் ஊர் பேர் தெரியாத முகவரிகளிலிருந்து தவறான பாஸ்வேர்டு முயற்சிகள் பக்கம் பக்கமாக, நடுவே அந்தக் கணக்கில் வெற்றிகரமாக நுழைந்த வரி.

இவை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கேட்டேன். “லினக்ஸ்ன்னா அப்படித்தான் சார், விண்டோஸ் போட்டுத் தரட்டா?” என்றார் உரிமையாளர். லைசென்ஸ் இல்லாத விண்டோஸ், அதற்கும் தனிக் காசு. ராமைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இதே கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. எனக்குப் பணத்தைவிட அந்த மௌனம்தான் உறுத்துகிறது. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

உடனே பாருங்கள்: அமைப்புகளில் பயனர்கள் பட்டியலில் நீங்கள் உருவாக்காத கணக்கு இருக்கிறதா? பட்டியலில் மறைத்தும் வைக்கலாம் என்பதால் ஹோம் கோப்புறைக்குள் எத்தனை பெயர்கள் என்றும் பாருங்கள். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே அனுப்பும் அமைப்பு) பக்கத்தில் 22 இருக்கிறதா? வெளியிலிருந்து நுழையும் தேவை உங்களுக்கு இல்லையென்றால் எஸ்எஸ்எச் நுழைவை ஏற்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் தொகுப்பையே நீக்கிவிடலாம்.

சிபியு ஏறினாலே மைனிங் என்று பயப்படவும் வேண்டாம். புதிதாக நிறையக் கோப்புகளைக் காப்பி செய்தால் க்னோம் டெஸ்க்டாப்பில் கோப்புத் தேடலுக்குப் பட்டியல் போடும் டிராக்கர் (புதிய பதிப்புகளில் லோக்கல்சர்ச் என்று பெயர்) கொஞ்ச நேரம் ஓடி அடங்கும். கெர்னலின் வேலையாளான கேவொர்க்கர் விடாமல் ஓடினால் பெரும்பாலும் ஏதோ ஒரு வன்பொருள் ‘என்னைக் கவனி’ என்று ஓயாமல் அனுப்பும் இன்டரப்ட் தொல்லை. குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் உப்பும் தூசியும் புராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் படிந்து, சூட்டில் புராசஸர் வேகம் குறைந்து இழுப்பதும் உண்டு. இவை எதற்கும் போர்டு மாற்ற வேண்டியதில்லை.

அந்நியக் கணக்கு இருந்தால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். எதையும் அழிப்பதற்கு முன் டாப் திரையையும் லாக்கையும் போட்டோ எடுங்கள், கடைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் உங்கள் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு லினக்ஸைப் புதிதாகப் போடுங்கள். சூடோ அதிகாரத்தோடு ஒருவன் உள்ளே இருந்த மெஷினில் வேறென்ன வைத்தான் என்று தேடிக்கொண்டிருப்பது வீண். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். சைபர் குற்றப் புகாருக்கு 1930, நுகர்வோர் உதவிக்கு 1915. நான் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக மனு தயார் செய்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான விஷயத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது. அது முடியும்வரை கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ‘சர்வீஸ்’ கணக்கு உங்கள் மெஷினிலும் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.