டீசல் டிசையரும் நானும்: இரண்டு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

2016-ல் வாங்கிய ஸ்விஃப்ட் டிசையர் டீசல். மீட்டர் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கோழிப்பண்ணைகளுக்கு மருந்து சப்ளை செய்வது என் தொழில். நாமக்கல்லில் கிளம்பி ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி, சில நாள் கரூர் வரை போய்வர வேண்டியிருக்கும், மாதம் சுமார் 2000 கிலோமீட்டர் ஓடும். தம்பியிடம் இதே வண்டியின் பெட்ரோல் மாடல் இருக்கிறது, அதையும் நிறைய ஓட்டியிருக்கிறேன். இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ்தான். கம்பெனி சொன்னது லிட்டருக்கு 26.59. எனக்கு ஹைவேயில் 22, ஊருக்குள் 17 என்று வருகிறது, சராசரியாக 20 என்று வைத்துக்கொள்ளலாம். தம்பி வண்டி 15, 16 தருகிறது. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். டீசல் மாடலுக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கவே 50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். எனக்கு அது இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட. மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும்! 2012 வாக்கில் லிட்டருக்கு இருபது, முப்பது ரூபாய் வித்தியாசம் இருந்தது, அப்போது கணக்கே வேறு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்தப் பெரிய இடைவெளி இப்போது இல்லை.

அப்புறம் ஏன் இன்னும் இதையே வைத்திருக்கிறேன் என்றால், இழுவைக்காக.

குதிரைத்திறனைப் பார்த்தால் பெட்ரோல்தான் பெரிது, அதில் 84, டீசலில் 75. ஆனால் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசை, டீசலில் 190 நியூட்டன் மீட்டர், அதுவும் 2000 ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றும்போதே) கிடைத்துவிடுகிறது. பெட்ரோலில் 115, அதற்கும் 4000 வரை மிதிக்க வேண்டும். தினமும் ஓட்டுகிறவனுக்கு இந்த வித்தியாசம் காலிலும் கையிலும் தெரியும். டிக்கி முழுக்க மருந்துப் பெட்டி, ஏசி ஓடுகிறது, முன்னால் முட்டை லாரி போகிறது, நாலாவது கியரிலேயே லேசாக மிதித்தால் வண்டி தாண்டிப் போய்விடும். தம்பி வண்டியில் அதே இடத்தில் மூன்றாவதுக்கு இறக்கி, எஞ்சின் கத்தக் கத்த ஏற வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உடம்பு அலுப்பில்லாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

டீசலுக்குத் தீப்பொறி போடும் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 17 மடங்குக்கு மேல் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறார்கள். அழுத்தம் கூடினால் எரிபொருளில் இருந்து எடுக்கிற வேலையும் கூடும், அதோடு டர்போ கூடுதல் காற்றை உள்ளே தள்ளுகிறது. குறைந்த வேகத்திலேயே இத்தனை பலம் அப்படித்தான் வருகிறது. ஆனால் டர்போ சுறுசுறுப்பாகும் வரைக்கும் அந்தக் காலத்துச் சின்ன டீசல் எஞ்சின்கள் எல்லாமே மந்தம்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே விட்டுவிட்டால் வண்டி திணறும், தயங்காமல் முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். பழகிவிட்டால் மலை ஏற இதைவிடச் சுகமான வண்டி எனக்குத் தெரியாது.

செலவு கூடத்தான். ஆயில், டீசல் ஃபில்டர் இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது, டீசலில் தண்ணீர் கலந்தால் அதை எஞ்சினுக்குள் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் போய்விடும், அதன் விலை கேட்டால் தலை சுற்றும். கிளட்ச் ஒரு தடவை மாற்றியாயிற்று. ஹைவேயில் விரட்டி வந்து நிறுத்தினால் உடனே அணைக்காமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள், டர்போவுக்கு நல்லது. லாரி ஊர் என்பதால் இங்கே டீசல் தெரிந்த மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை, அந்த வசதி எல்லா ஊரிலும் இருக்காது.

தினமும் ஆபீஸ், ஸ்கூல், மார்க்கெட் என்று ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து டீசல் வாங்காதீர்கள். 2020-க்குப் பின் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்கிற கரி எரிய நல்ல சூடு வேண்டும், நீளமாக ஓட்டினால்தான் அந்தச் சூடு வரும். குட்டி ஓட்டமாகவே ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். அதற்கு முந்தைய பிஎஸ்4 விதிப்படி வந்த என் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை, அதற்கு ஏற்ப அது விடுகிற புகையும் கூடுதல் என்பது உண்மை. டெல்லியில் பத்து வருஷம் ஆன டீசல் வண்டிகளுக்குத் தடை வந்தது காற்றைக் காப்பாற்றத்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாருதி 2020-லேயே டீசலை நிறுத்திவிட்டது, ஹோண்டாவும் விலகிவிட்டது. புதிதாக வாங்க டாடா, மஹிந்திரா, ஹூண்டாய், கியா போன்ற கம்பெனிகள் பக்கம்தான் போக வேண்டும். பழைய டீசல் பார்க்கிறீர்கள் என்றால் காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போங்கள், சூடாக்கி வைத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் புகை எப்படி வருகிறது, டர்போ குழாய்ப் பக்கம் ஆயில் கசிகிறதா, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். சர்வீஸ் பில் இல்லாத வண்டிக்கு எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.