மண்டபம் டீக்கடை: கருப்பட்டிக் காப்பி, நான்கு பேப்பர், ஒரு சிவப்புப் பேனா

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரில், ஸ்டேஷன் பக்கம் நல்ல டீக்கடை எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடை. டீ சுமார்தான், சர்க்கரை அதிகம். கருப்பட்டிக் காப்பி அருமை, சுக்கு தூக்கலாக இருக்கும். ஏழு மணிக்குள் போனால் வடை சூடாகக் கிடைக்கும். பெஞ்சு இரண்டுதான், அதில் ஒன்று வெயிலில் கிடக்கிறது.

ஆனால் நான் போவது பேப்பருக்காக. கடைக்காரர் கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் காக்கா (அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). தினமும் நான்கு பேப்பர் வாங்கி, பால் காய்வதற்குள் போர்ச் செய்திகளைத் தேடிப்பிடித்து, 'ராணுவம் தெரிவித்தது', 'சுகாதார அமைச்சகம் தெரிவித்தது' என்று வரும் இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிடுவார். யார் சொன்னது என்றே இல்லாமல் சாவு எண்ணிக்கை மட்டும் இருந்தால் அதைச் சுற்றி வட்டம். 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் சண்டையின்போது ஒரு ராத்திரி முழுக்க டிவியில் கராச்சி துறைமுகத்தையே நம் கடற்படை அழித்துவிட்டது என்று கத்தினார்களே, விடிந்து பார்த்தால் அப்படி எதுவுமே நடக்கவில்லை, அன்றைக்கு டிவியை நிறுத்தியவர்தான், இன்னும் போடவில்லை.

அதனால் கடை அமைதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் காசா செய்தி. ஒரு பேப்பரில் 'இஸ்ரேல் குண்டுவீச்சில் கொல்லப்பட்டனர்', பக்கத்துப் பேப்பரில் அதே செய்திக்கு 'காசாவில் பலி'. புயலில் போனாலும் பலி, பஸ் கவிழ்ந்தாலும் பலி, அப்புறம் குண்டு போட்டவன் எங்கே போனான் என்று காக்கா கேட்க, விசைப்படகுக்குப் போகும் தம்பி ஒருவன் சண்டைக்கு வந்துவிட்டான். "அது ஹமாஸ் கையில இருக்கிற அமைச்சகம் குடுக்கிற கணக்கு காக்கா, எப்படி நம்புறது? 2023 அக்டோபர் 7 அன்னைக்குச் செத்த 1,200 பேரை இப்ப யாரு எழுதுறா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் 2014 காசா போரில் செத்தவர்கள் என்று அந்த அமைச்சகம் சொன்னது 2,310 பேர், ஐ.நா. கணக்கு 2,251, இஸ்ரேலே சொன்னது 2,125. பெரிய வித்தியாசம் இல்லை. 2023-இல் தொடங்கிய இந்தப் போரில் இஸ்ரேல் வெளிநாட்டுச் செய்தியாளர்களைத் தனியாக உள்ளே போகவே விடாமல் வைத்துக்கொண்டு, அங்கிருந்து வரும் கணக்கையும் நம்பாதே என்றால் வேறு யார்தான் எண்ணுவது?

அதுவரை வாயே திறக்காமல் காப்பி குடித்துக்கொண்டிருந்த, மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ் அக்கா அப்போதுதான் பேசினார். "எங்கட சனத்துக்கும் இதைத்தான் சொன்னவை தம்பி. ஒரு பத்திரிகைக்காரரையும் உள்ளுக்க விடேல்ல."

2009-இல் இலங்கை உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், வடக்கே வன்னியில் பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகவில்லை என்று இலங்கை அரசு சாதித்தது. அங்கிருந்த ஐ.நா. ஊழியர்கள் மே 13 வரை சேர்த்த கணக்கு 7,721 பேர், அதையும் வெளியே சொல்லவில்லை. 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது, மறுவருடம் இன்னொரு ஐ.நா. அறிக்கை 70,000 பேருக்கு மேல் கணக்கில் இல்லை என்றது. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரில் ஆயராக இருந்த ராயப்பு ஜோசப், கச்சேரியின் (மாவட்ட அரசு அலுவலகத்தின்) பதிவுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, 1,46,679 பேருக்கு என்ன ஆனது என்று அரசின் விசாரணை ஆணையத்திடமே கேட்டார். பதில் வரவில்லை. அக்காவின் அண்ணன் இதில் எந்தக் கணக்கில் இருக்கிறார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

தம்பி பதில் பேசவில்லை. சமாதானமும் ஆகவில்லை, மறுநாளே வந்து வேறொரு தலைப்பைக் காட்டிச் சண்டை போட்டான், காக்காவும் அதே உற்சாகத்தோடு பேனாவை எடுத்தார். வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று யார் வாயையும் அவர் அடைத்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். ஜிபே உண்டு, சிக்னல்தான் கிடைக்காது, சில்லறை கொண்டு போங்கள். பழைய பேப்பர் வேண்டுமென்றால் கேளுங்கள், கோடு போட்டதையெல்லாம் வடை மடிக்கக் கொடுக்காமல் பரணில் அடுக்கி வைத்திருக்கிறார்.