மின் துடிப்புப் பெட்டியோடு இரண்டு வருடம்

சீக்கிரம் முளைக்கட்டும் என்று விதைக்கும் நாற்றுக்கும் மின் துடிப்பு (விட்டு விட்டுப் பாயும் மின்சாரம்) கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 12 வோல்ட் பேட்டரி, ஒரு டைமர், 4 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு செம்புத் தகடுகள். நடுவில் ஈரத்துணி விரித்து விதையைப் பரப்ப வேண்டும். தினம் பத்து நிமிடம், ஒவ்வொன்றும் ஒரு மில்லி நொடி நீளமுள்ள துடிப்புகள். அவ்வளவுதான் வேலை.

முதல் முறை பச்சைப்பயறு. பாதி பெட்டியில், பாதி கிண்ணத்தில். மறுநாள் சாயங்காலம் பெட்டியில் இருந்ததெல்லாம் வால் விட்டிருந்தது, கிண்ணத்தில் அரைகுறை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: பெட்டிக்கு மூடி உண்டு, கிண்ணத்துக்கு இல்லை. ஈரமும் சூடும் உள்ளேயே தங்கியிருக்கின்றன. அப்புறம் அதே அளவில் இன்னொரு மூடிப்பெட்டி, அதே தகடுகள், மின் இணைப்பு மட்டும் கிடையாது என்று வைத்துப் பார்த்தேன். அந்தப் பெரிய வித்தியாசம் காணாமல் போனது.

பெரிய தொல்லை செம்புத் தகடுதான். நேர்முனைப் பக்கம் வெள்ளைத்துணியில் நீலப்பச்சைக் கறை படிந்தது. அங்கே இருந்த கடுகு நாற்றுகளின் வேர் நுனி பழுப்பாகி, குட்டையாகத் தடித்து நின்றுவிட்டது. மயிரிழை வேர்களே இல்லை. துடிப்பு எப்போதும் ஒரே திசையில் போவதால் நேர்முனைச் செம்பு கரைந்து துணியில் இறங்குகிறது. செம்பு கூடினால் வேர்தான் முதலில் அடிபடும். போதாக்குறைக்கு நேர்முனைப் பக்கம் அமிலமும் எதிர்முனைப் பக்கம் காரமும் ஏறும். தகடுகளைக் கழற்றிவிட்டு கிராஃபைட் குச்சிகளைப் பொருத்தினேன், துடிப்பின் திசையையும் மாற்றி மாற்றி விட்டேன். அடுத்த தட்டில் வேர்கள் வெள்ளையாக, நேராக இறங்கின.

பெட்டியோடு வந்த தாளில், மின் துடிப்பு செல் சவ்வில், அதாவது செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில், நுண்துளை திறக்கும் என்று படம் போட்டிருக்கிறார்கள். அது உண்மையில் நடக்கிற விஷயம்தான். ஆனால் அதற்கு ஆய்வகத்தில் சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வோல்ட் கொடுப்பார்கள், அதுவும் மைக்ரோ நொடி, மில்லி நொடிக் கணக்கில். அளவாக இருந்தால் துளை மறுபடி மூடிக்கொள்ளும், மிஞ்சினால் செல் செத்துவிடும். என் பெட்டி கொடுப்பது 12-ஐ 4-ஆல் வகுத்தால் வருகிற, சென்டிமீட்டருக்கு 3 வோல்ட்! அந்தப் படத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

பிரிட்டனில் அரசே ஒரு குழு போட்டு, 1918 முதல் 1936 வரை பயிர்களுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தது. ஒரு வருடம் விளைச்சல் கூடும், இன்னொரு வருடம் ஒன்றும் இருக்காது. கடைசியில் கைவிட்டார்கள். அவர்கள் முறை வேறு, உயர் மின்னழுத்தக் கம்பிகளைப் பயிருக்கு மேலே கட்டினார்கள். இருந்தாலும் என் நோட்டைப் புரட்டும்போதெல்லாம் அவர்கள் நினைவு வருகிறது.

சரி, ஒன்றுமே இல்லையா? பழைய தக்காளி விதையில் சில தடவை அரை நாள் முந்தி முளை வந்தது. புது விதையில் அதுவும் கிடையாது. தங்கையிடம் ஸ்டிக்கர்களை மறைத்து ஒட்டச் சொல்லி, இரண்டாவது ஜோடி இலை வந்ததும் எது துடிப்பு வாங்கிய தட்டு என்று ஊகித்தேன். ஆறு தடவையில் மூன்று சரி.

பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. மூடி நன்றாக இறுக்கமாக இருப்பதால் பயறு முளைகட்ட வசதி. பேட்டரியைத்தான் இணைப்பதில்லை.