குன்னூர்ப் பக்கம் கார் வைத்திருப்பவர்களே, கப்ளர் கோட்டிங் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

6,800 ரூபாய். நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பெயர் போடவில்லை. பாலிஷ், அண்டர் கோட்டிங் செய்துதரும் கடை. ஆவணிக் கடைசியில் பாலிஷுக்குத்தான் போனேன். அங்கிருந்தவர், கழற்றிப் போட்டிருந்த பழைய ஹெட்லைட் கப்ளர் ஒன்றை (வயரை விளக்கோடு இணைக்கும் பிளக்) என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே இருந்த உலோகப் பின் எல்லாம் பச்சைக் களிம்பு. “நம்ம ஊர் மிஸ்ட்டுக்கு எல்லா வண்டிக்கும் இதே கதிதான் அண்ணா. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஜெல் போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்குத் தண்ணி உள்ள போகாது.”

களிம்பு பிடிப்பது உண்மைதானே? அதனால்தான் நம்பினேன். மூன்று மணி நேரம் ஆகும் என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு மார்க்கெட் பக்கம் போய்விட்டேன். கூடவே நின்றிருக்க வேண்டும்.

வண்டியை எடுக்கும்போது பானெட்டுக்குள் வினிகர் மாதிரி புளிப்பு வாசம். கேட்டேன். “இம்போர்ட்டட் ஜெல் அண்ணா, ரெண்டு நாள்ல போயிடும்.” சரி என்று 6,800 ரூபாயை போனிலேயே அனுப்பினேன். பில் கேட்டால் விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்தார்.

போன வாரம் அம்மாவை மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். சாயங்காலம், நல்ல மழை. பர்லியாறு தாண்டி ஏறும்போது இடது ஹெட்லைட் அணைந்தது. அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் வலதும் மங்கிவிட்டது. எதிரே பஸ் இறங்குகிறது. முன்னால் போன லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து வந்தோம். வீடு வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் கடைக்குப் போனால் ஓனர் கோயம்புத்தூர் போயிருக்கிறாராம். அதற்கடுத்த நாள், “உங்க வண்டி வயரிங்லயே கோளாறு.” மூன்றாம் நாள், “வாரன்டி ஜெல்லுக்குத்தான் சார், வயருக்கு இல்ல.” அண்ணா போய் சார் ஆகிவிட்டேன். இப்போது போனே எடுப்பதில்லை.

நேற்று வெலிங்டனில் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் கப்ளரைப் பிரித்துக் காட்டினார். பூசியிருந்தது பாத்ரூம், கண்ணாடி ஓரங்களை அடைக்கும் சிலிகான்! அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருமாம். அந்த வாசம்தான் நான் கேட்டது. அந்த ஆவி செம்பை அரிக்கும். கம்பெனி ரப்பர் சீலையும் எடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடந்து பின்னைத் தின்றிருக்கிறது. முறையாகச் செய்வதென்றால் மின் இணைப்பைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாக உலரவிட்டு, டைஎலெக்ட்ரிக் கிரீஸை ரப்பர் சீலில் மெல்லிசாகத் தடவினால் போதும் என்றார். அது மின்சாரம் கடத்தாது, தண்ணீரையும் அண்டவிடாது. சின்ன ட்யூப் சில நூறு ரூபாய்தான். நான் கொடுத்தது 6,800!

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றாமல் கப்ளரில் கை வைத்தால் தடுத்துவிடுங்கள். வினிகர் வாசம் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். பில் வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லியிருக்கிறேன். பில் கேட்கிறார்கள். விசிட்டிங் கார்டைத்தான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.