சிபில் அறிக்கையில் தப்பு: சிபிலைப் பிடிப்பதா, வங்கியைப் பிடிப்பதா?

கிரெடிட் கார்டை மூடச் சொல்லிக் கடிதம் கொடுத்து, இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக் கடனுக்காக, யார் எவ்வளவு கடன் வாங்கி எப்படிக் கட்டினார்கள் என்று பதிவு வைக்கும் நிறுவனமான சிபிலின் அறிக்கையை எடுத்தால், அதே கார்டில் 590 ரூபாய் நிலுவை. ஆண்டுக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிளையில் கேட்டேன். "அதெல்லாம் சிபில்லதான் சார் மாத்தணும்" என்றார்கள்.

சரி, சிபிலிலேயே போட்டால் என்ன? வசதிதான். இணையத்தில் தப்பான வரியைத் தேர்ந்தெடுத்து 'டிஸ்ப்யூட்' (ஆட்சேபம்) கொடுத்தால், காசில்லாமல் தேதியோடு ஒரு புகார் எண் கிடைக்கும். ஆனால் வங்கி கொடுத்த தகவலில், வங்கி சம்மதிக்காமல் சிபில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. "எங்கள் பதிவு சரி" என்று வங்கி சொல்லிவிட்டால் கதை முடிந்தது. போதாததற்கு, இப்படிக் கடன் பதிவு வைக்கும் நான்கு நிறுவனங்களில் சிபில் ஒன்றுதான். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் மூன்றிலும் அந்த 590 அப்படியே உட்கார்ந்திருக்கும்.

வங்கி வழி அலுப்பு. கிளையில் வாயால் சொல்வது வீண். குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில், கார்டை மூடிய கடிதத்தின் நகலோடு அனுப்ப வேண்டும். ஆனால் ஊற்று அங்கேதான். வங்கி தன் பதிவைத் திருத்தினால் நான்கு நிறுவனங்களுக்கும் அது போயாக வேண்டும். இந்தத் தகவல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஆனது. முன்பெல்லாம் மாதம் ஒருமுறைதான்.

என்னைக் கேட்டால் நிலுவை, தவணை, மூடிய கடன் தொடர்பான தப்புக்கு வங்கிதான். முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கடன் உங்கள் அறிக்கையில் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் சிபில். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போய், அவர்கள் பக்கமே இரண்டு பேரைக் கலந்திருக்கலாம். 'செட்டில்டு' என்று இருப்பதைத் தப்பு என்று சண்டை போடாதீர்கள். குறைத்துக் கட்டியிருந்தால் அது உண்மைதான். மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்று (என்ஓசி) வாங்கினால்தான் 'குளோஸ்டு' ஆகும்.

சிபில் தரும் கடன் மதிப்பெண்ணை, அதாவது ஸ்கோரை, ஏற்றித் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுகள்? நீங்களே இலவசமாகப் போடக்கூடிய அதே டிஸ்ப்யூட்டைத்தான் போடுவார்கள், உங்கள் பான் எண்ணையும் ஓடிபியையும் வாங்கிக்கொண்டு.

எந்த வழியில் போனாலும் கெடு ஒன்றுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள். 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய், தாமதித்தவர் உங்களுக்குத் தர வேண்டும். இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்; கட்டணம் இல்லை.

நான் சிபில், வங்கி இரண்டுக்கும் ஒரே நாளில் புகார் போட்டேன். வங்கிக்கு எழுதியதில் அந்த 100 ரூபாய் விதியையும் ஒரு வரி சேர்த்தேன். 26-ஆம் நாள் நிலுவை பூஜ்யமானது. நாலு நாளில் நழுவிய நூறு ரூபாய்.