ஆமைக் கரையா, பண்ணையா? பிள்ளைகளோடு வெளிநாட்டில் தொண்டு

குடும்பமாக வெளிநாடு போய், ஊர் சுற்றுவதோடு கொஞ்சம் தொண்டும் செய்யலாம் என்று தேடினால் மூன்று வழிகள் கண்ணில் படும்: ஆதரவற்றோர் இல்லம், இயற்கைப் பண்ணை, கடலாமைப் பாதுகாப்பு.

முதலாவதை இப்போதே தள்ளிவிடுங்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வந்துபோகிறவர்களின் பணம்தான் அவர்களை வீட்டிலிருந்து பிரிக்கிறது. இந்தத் தீங்கைத் தடுக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபையே 2019 டிசம்பரில் தீர்மானம் போட்டது.

பண்ணை செலவு குறைந்த வழி. 1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'வூஃப்' (WWOOF) முறையில் அரை நாள் வேலைக்குச் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும். சிக்கல் விசாவில். நியூசிலாந்தில் அந்தச் சாப்பாடும் இடமும் கூலியாகவே கணக்கு. சுற்றுலா விசாவில் போய்ச் செய்ய முடியாது. வேலை செய்துகொண்டே ஊர் சுற்ற விடும் 'ஒர்க்கிங் ஹாலிடே' விசா இந்தியர்களுக்குக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கல்லூரி வயதுப் பிள்ளை என்றால், விசா ஒத்துவரும் நாட்டில், பண்ணையே மேலாக இருக்கலாம். பத்து வயதுக்காரருக்கு அங்கே களை பறிப்பதைத் தாண்டி அதிகம் இருக்காது.

என் சாய்வு ஆமை பக்கம். மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்காவின் டோர்டுகேரோ கரையில் பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) ஜூலை முதல் அக்டோபர் வரை முட்டையிட ஏறுகின்றன. விளம்பரங்களில் வருவதெல்லாம் இரவு ரோந்துதான்: கருப்பு உடை, சிவப்பு விளக்கு, இளகிய மணலில் மணிக்கணக்கில் நடை, பெரும்பாலும் மழை. சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆகாது. பெற்றோர் முறை வைத்துப் போக வேண்டும். ஒருவர் அறையில் இருந்தே ஆகணும். முட்டைகளை இடம் மாற்றுவதும் பயிற்சி பெற்ற பெரியவர் வேலை. இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு முட்டையைத் திருப்பினால் ஓட்டோடு ஒட்டிய கரு செத்துவிடும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பகல் வேலை, அதாவது பொரித்து முடிந்த கூட்டைத் தோண்டிக் கணக்கெடுப்பது. ஒரு கூட்டில் ஏறத்தாழ 110 முட்டைகள். பொரிக்க 60 நாள் ஆகும். குஞ்சுகள் வெளியேறிச் சில நாள் கழித்துக் கையால் தோண்ட வேண்டும். கூட்டின் அடி முக்கால் மீட்டர் ஆழம் போகும், பிள்ளையின் கை எட்டாது. பெரியவர் எடுத்துக் கொடுக்க, பிள்ளை பத்துப் பத்தாக அடுக்கலாம்: வெறும் ஓடு, பொரிக்காத முட்டை, செத்த குஞ்சு. பாதிக்கு மேல் முழுசாக இருக்கும் ஓட்டை மட்டும் ஒன்றாக எண்ணணும். துண்டுகளையும் எண்ணினால் கணக்கு வீங்கிவிடும். நாற்றம் குடலைப் புரட்டும், புழு இருக்கும். சால்மொனெல்லா கிருமி தொற்றக்கூடும் என்பதால் கையுறை கிழிந்தால் உடனே மாற்றுங்கள். பொரிக்காத முட்டைக்குள் கரு எந்த நிலையில் நின்றது என்பதை வைத்து, அலைநீர் புகுந்ததா, வேர் துளைத்ததா என்று ஊகிக்கலாம். அடுத்த பருவத்தில் எந்த இடத்துக் கூடுகளை மாற்றுவது என்று முடிவெடுக்க இந்தக் கணக்கு உதவும். வந்தவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று கொடுக்கும் வேலை இல்லை இது.

விடியற்காலையில் ஆமைத் தடம் பார்ப்பதும் பிள்ளைகளுக்கு ஒத்துவரும். கால்வாய்களில் துடுப்புப் படகு ஓட்டலாம். ஆனால் முதலை உண்டு, கடலிலும் நீரோட்டம் இழுக்கும், எங்கேயும் நீந்த விடாதீர்கள். டிக்கெட் போடுமுன் திட்டத்தாரிடம் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்த விசா, குறைந்தபட்ச வயது என்ன, உங்கள் தேதிகளில் தோண்டும் வேலை உண்டா. பொரிப்பு இரண்டு மாதம் பிந்தி வருவதால், ஜூலை தொடக்கத்தில் போனால் பேராமைக் கூடு தோண்டக் கிடைக்காது.

அதற்கும் முன்னால் சென்னையில் ஒரு ஒத்திகை பார்க்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறும். 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினரோடு ஒரு இரவு நடந்து பாருங்கள். பிள்ளை பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால், கோஸ்டா ரிக்காவில் பகல் வேலைக்கு மட்டும் பெயர் கொடுங்கள்.